நான்கு கதவுகளும் ஒரு பின் ஆக்சிலும்: ஸ்டாண்டர்டு ஹெரால்டின் ஓட்டம் குறித்து ஒரு மறுவாசிப்பு

1965 நவம்பரில் வெளிவந்த ரால்ஃப் நேடரின் ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ நூலின் முதல் அத்தியாயம் ஷெவர்லே கார்வேரைப் பற்றியது. அந்தக் காரின் பின்சக்கரங்களைத் தாங்கிய ஸ்விங் ஆக்சில், வளைவில் வண்டியைப் புரட்டக்கூடியது என்பதும், நிறுவனம் அதை அறிந்தே விற்றது என்பதும் நேடரின் வழக்கு. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் பிறக்க அந்நூல் பெரிதும் காரணமாயிற்று. அதன் தகுதியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கார்வேருக்காக எழுதிய தீர்ப்பை அப்படியே தூக்கிவந்து, சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மேல் ஒட்டிப் பேசுவது இங்கே வழக்கமாகிவிட்டது. ‘ஹெரால்டின் பின்பக்கம் ஆபத்தானது, அதனால்தான் அடுத்து வந்த கெஸலில் அதை எடுத்துவிட்டார்கள்’ என்பது அந்த வாசிப்பின் சுருக்கம். இதை நான் ஏற்கவில்லை.

நேடர் முன்வைத்த சான்றுகளை முதலில் நேர்மையாகப் பார்க்கவேண்டும். கார்வேரின் என்ஜின் பின்புறம் இருந்தது; எடையின் பெரும்பங்கு பின்சக்கரங்களின் மேல் அமர்ந்தது. அதைச் சமன்செய்ய முன் டயருக்கு 15 பவுண்டு, பின் டயருக்கு 26 பவுண்டு காற்று என்ற வினோதமான கணக்கைத் தொழிற்சாலை வைத்திருந்தது. பெட்ரோல் பங்கில் நான்கு டயருக்கும் ஒரே அளவு காற்றடித்துவிட்டால் அந்தக் கணக்கு முழுவதும் கவிழ்ந்தது. 1964 மாடலில் முன்புறம் உருட்சித்தடுப்புக் கம்பியும் பின்புறம் கூடுதல் ஸ்பிரிங்கும் வந்தன. 1965இல் பின் சஸ்பென்ஷனையே மாற்றினார்கள். நேடரின் வாதம் நிற்பது ஸ்விங் ஆக்சில் என்ற ஒன்றின் மேல் மட்டுமல்ல; பின் என்ஜின், டயர்க் காற்று, செலவுக் குறைப்பு எல்லாம் சேர்ந்த கூட்டின் மேல். 1972இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமே, அதே காலத்துப் பிற கார்களோடு ஒப்பிட்டால் கார்வேர் மோசமில்லை என்று முடிவுரைத்தது. அந்த அறிக்கையை நான் இறுதிச் சொல்லாகக் கொள்ளவில்லை. நேடரை மேற்கோள் காட்டுவோர் அதைத் தாண்டிச் செல்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஹெரால்டில் என்ஜின் முன்னால் இருக்கிறது. 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாக வந்த இக்காருக்கு உடல் வரைந்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. ஒற்றைக்கூட்டு உடலைச் செய்துதர ஆலை கிடைக்காததால் தனிச் சட்டத்தின் மேல் பகுதி பகுதியாகப் போல்ட்டு வைத்து உடலைப் பூட்டினார்கள். அந்தக் கட்டாயமே இந்தியாவில் வரமாயிற்று. பெரிய அச்சு எந்திரங்கள் இல்லாமல், 1961 முதல் வண்டலூரில் இங்கிலாந்தின் அதே 948 சிசி என்ஜினோடு இதைக் கட்ட முடிந்தது. அன்று நம் சாலையில் இருந்த மூன்று கார்களில், அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் பின்புறம் இரு சக்கரங்களையும் ஒன்றாகக் கட்டும் கெட்டியான லைவ் ஆக்சில்; கியர் கம்பி ஸ்டியரிங்கின் அடியில். ஹெரால்டில் மட்டும் நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசைந்தன. கியர் தரையிலிருந்து எழுந்தது. சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுதாகத் திரும்பியது. ஓட்டியவர்கள் அதை இன்றும் மறக்காததற்குக் காரணம் வேகமில்லை. உச்ச வேகம் மணிக்குச் சுமார் 110 கி.மீ.தான். கை கேட்டதை முன்சக்கரம் உடனே செய்தது, அவ்வளவே.

இனிப் பின்புறத்துக்கு வருவோம். ஹெரால்டை மேடையில் ஏற்றிப் பின்னாலிருந்து பார்த்தால், நடுவில் கிரவுன் வீடு (டிஃபரன்ஷியல்) சட்டத்தோடு பூட்டப்பட்டிருக்கும். அதன் தலையில் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் குறுக்காகக் கிடக்கும். ஸ்பிரிங்கின் இரு நுனிகளும் சக்கரங்களின் நிமிர்ந்த தாங்கிகளைப் பிடித்திருக்கும். பக்கத்துக்கு ஒரு அரை ஆக்சில், கிரவுன் ஓரத்தில் ஒரே ஒரு ஜாயிண்டு. சக்கரம் மேலும் கீழும் போகும்போது பறவையின் சிறகுபோல அந்த ஒற்றை மூட்டிலிருந்தே மடங்கும். பின்புறம் எழும்பினால் சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே இழுபடும்; பின்புறம் அமிழ்ந்தால் மேற்பகுதி உள்ளே சாயும். நேடர் அஞ்சியது முதல் நிலை: ஓட்டுநர் தனியாக, காலியான வண்டியில், வளைவின் நடுவே திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால் பின்புறம் எழும்பும், வெளிச்சக்கரம் அடியில் மடங்கும், பிடி போகும். தமிழ்நாட்டின் வாடிக்கையாளர் நாள்தோறும் கண்டது இரண்டாம் நிலை. அவர் வண்டி எப்போதும் அமிழ்ந்திருந்தது.

இதற்கு என் முதன்மைச் சான்று ஒரு மாறுவடிவம்: நான்கு கதவு ஹெரால்டு. இங்கிலாந்தில் ஹெரால்டு இரண்டு கதவு காராகவே பிறந்து 1971இல் அப்படியே முடிந்தது. நான்கு கதவுகள் வைத்த மார்க் 3 வண்டலூரின் படைப்பு. அதன் தொடக்கம் 1968 என்பது பெருவழக்கு, ஓராண்டு முன்பின் சொல்வாரும் உண்டு. தேதி எதுவானாலும் செய்தி ஒன்றே. பின்கதவு வைப்பது செலவு. பக்கச் சட்டங்களை வெட்டி, நடுத்தூண் எழுப்பி, புதிய கதவு அச்சுகள் செய்யவேண்டும். பின்னிருக்கையில் அன்றாடம் ஆள் ஏறுகிறார்கள் என்று தெரிந்தால் மட்டுமே ஒரு சிறிய ஆலை அந்தச் செலவைத் தலையில் ஏற்றிக்கொள்ளும். சுமார் 800 கிலோ எடையுள்ள காரில் நான்கு பேரும் மூட்டையும் ஏறினால் 300 கிலோ கூடும். அதில் பெரும்பகுதி அந்த ஒற்றைக் குறுக்கு ஸ்பிரிங்கின் மேல்தான் விழும்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் கரிசல் ஊர்களுக்குப் போகும் சாலைகளை எண்ணிப்பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் ஊதும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே போட்ட தார் அலையலையாக நெளியும், ஓரம் இறங்கும். வளைவுகள் குறைவு, மேடுபள்ளம் அதிகம். இத்தகைய நிலத்தில் ஆட்களோடு ஓடும் ஹெரால்டுக்கு நேடரின் விபத்து அரிதிலும் அரிது. அமிழ்ந்த நிலையே சக்கரம் மடங்குவதைத் தள்ளிப்போடுகிறது. பந்தயக்காரர்கள் ஸ்பிரிங்கைத் தட்டையாக்கிப் பின்புறத்தைத் தாழ்த்துவது இதற்காகத்தான். அந்தக் காருக்கு வரும் நோய் வேறு. பின்சக்கரங்கள் சாய்ந்தே ஓடுவதால் டயரை உள்விளிம்பில் தின்னும். ஸ்பிரிங் தொய்யும். ஒற்றை ஜாயிண்டு தேயும். பட்டறைக்காரரிடம் வந்த குறை உயிர்ப்பயமாக இருந்திருக்காது. டயர்ச் செலவாகவே இருந்திருக்கும்.

கெஸல் வந்தபோது (1972 என்பர், 1971 என்பாரும் உண்டு) ஸ்விங் ஆக்சில் போய் லைவ் ஆக்சில் வந்தது. இது பாதுகாப்புத் திருத்தம் என்போருக்கு என் எதிர்வாதம் இது. ஹெரால்டின் சட்டத்திலிருந்தே பிறந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் காரில் சக்கரம் மடங்கும் குறையை 1970இன் இறுதியில் மிக எளிதாகத் தீர்த்தார்கள். பட்டைகளில் பெரும்பாலானவற்றை நடுவில் இறுகப் பூட்டாமல் திரும்ப விட்டார்கள். வளைவில் பின்புறத்தின் உருட்சி விறைப்பு குறைந்தது, மடங்கல் அடங்கியது. பின்புறத்தில் ஸ்பிரிங் மட்டுமே மாறியது, அதற்கு ஈடாக முன்புற உருட்சித்தடுப்புக் கம்பி தடித்தது. வண்டலூருக்கு அச்சம் வளைவைப் பற்றியது என்றால் இந்த மலிவான வழி கண்முன்னே இருந்தது. ஆனால் அந்த ஸ்பிரிங் சுமைச் சாய்வைத் தீர்க்காது. டயர் தின்பதை நிறுத்தாது. லைவ் ஆக்சில்தான் எவ்வளவு ஏற்றினாலும் சக்கரத்தை நிமிர்த்தி வைக்கும். அதிகச் செலவான மாற்றத்தைத் தேர்ந்தது, தீர்க்க நினைத்த நோய் சுமைநோய் என்பதையே காட்டுகிறது.

இந்த வாதத்தின் மெலிவான இடம் எனக்குத் தெரியும். லைவ் ஆக்சில் இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து. அதைத் தேர்ந்தவர் இரண்டையும் எண்ணியிருக்கலாம். ஹெரால்டுக்கு முன் வண்டலூர் கட்டிய ஸ்டாண்டர்டு டென் கார்களின் பின்புறம் லைவ் ஆக்சிலே; கைப்பழக்கமான பொருளுக்குத் திரும்பியதாகவும் இதைக் கொள்ளலாம். ஆனாலும் வரிசையை மறக்கக்கூடாது. நேடரின் நூல் 1965. அதற்குப் பிறகு வண்டலூர் செய்த பெரிய மாற்றம் ஆக்சில் அல்ல, கதவு. புதிய கதவுகளைப் பூட்டி அதே ஸ்விங் ஆக்சிலோடு விற்றார்கள். உயிருக்கு அஞ்சிய ஆலை கதவுக்கு முன் ஆக்சிலைத் தொட்டிருக்கும்.

மறுப்பாகச் சோழவரத்தைச் சுட்டலாம். அங்கிருந்த இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் நடத்திய பந்தயங்கள், ஸ்விங் ஆக்சிலின் குறையை வெளிக்கொணரக் கச்சிதமான களம். நீண்ட நேர்ப்பாதை, முனையில் கூரிய திருப்பம், வண்டியில் ஓட்டுநர் ஒருவரே. நேடரின் வாசிப்பு முழுதாகப் பொருந்தும் இடம் தமிழ்நாட்டில் இதுதான் என்று ஒப்புகிறேன். ஹெரால்டின் ஆபத்தைப் பற்றிய பேச்சு இங்கிருந்தே சாலைக்குப் பரவியிருக்கலாம் என்பது என் ஊகம். பந்தயக்காரரின் அனுபவம் உண்மை. அதைக் குடும்பக் காரின் வரலாறாக்கியதுதான் பிழை. அதே சோழவரத்தில் அந்தப் பின்புறத்தின் அசைவைக் கையாளக் கற்றவர்களுக்குத் திருப்பத்தில் ஆக்சிலரேட்டரை விடாமல் தாங்கிப்பிடிக்கும் ஒழுக்கம் படிந்தது. அந்த ஒழுக்கமும் காரின் சுவையில் ஒரு பங்கு.

கெஸல் நிமிர்ந்த சக்கரத்தோடு ஓடியது, டயர் மிஞ்சியது. கனமான ஆக்சில் முழுவதும் சக்கரத்தோடு சேர்ந்து குதித்ததால், ஒரு சக்கரம் பள்ளத்தில் விழும்போது மறுசக்கரத்துக்கும் அது தெரிந்தது. ஹெரால்டின் இலேசு குறைந்தது. 1977 வாக்கில் கெஸலும் நின்றது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது இழுவை முன்சக்கரத்துக்குப் போய்விட்டது. 1988இல் கோவையின் பந்தய ஓட்டுநர் கரிவரதன் அதே மாருதி என்ஜினைப் பந்தய வண்டியின் பின்புறத்தில் வைத்து ஃபார்முலா மாருதியைப் படைத்தார். அங்கே தொடங்குவது வேறொரு வரலாறு.

இந்த வாசிப்பைச் சோதிக்க ஒரு வழி உண்டு. எஞ்சியிருக்கும் நான்கு கதவு ஹெரால்டுகளின் குறுக்கு ஸ்பிரிங்கில் எத்தனை பட்டைகள், அவற்றின் தடிமன் என்ன என்று எண்ணி, இரண்டு கதவு வண்டிகளோடு ஒப்பிடவேண்டும். நான்கு கதவோடு ஸ்பிரிங்கும் தடித்திருந்தால், சுமையை ஆலை 1960களின் பிற்பகுதியிலேயே உணர்ந்துவிட்டது என்பது உறுதியாகும். இரண்டும் ஒன்றே என்றால் கெஸலின் ஆக்சிலுக்கு நான் சொல்லும் காரணம் ஆட்டம் காணும்; நேடரின் வழிவந்தோருக்கு அது வலுச் சேர்க்கும். பழைய வண்டிகளைப் புதுப்பிப்போர் தொய்ந்த ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது செய்து மாட்டுகிறார்கள்; அதற்கு முன் பட்டைகளை அளந்து குறித்துவைத்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.