குறுவட்டில் எழுதிய தமிழ்: கணினிக் கரோக்கேயின் கதை



“சார், ஒரு சீடி பர்ன் பண்ணித் தர முடியுமா?” 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், கணினி வைத்திருந்த ஆசிரியர் எவரும் இக்கேள்விக்குத் தப்பியதில்லை. பினாங்கில் பள்ளிக் கலை நிகழ்ச்சி, பாடல் போட்டி, கோயில் திருவிழா என்று எது நெருங்கினாலும் யாரேனும் ஒருவர் வெற்று வட்டுடன் வந்து நிற்பார். இன்றைய மாணவர்களிடம் இதைச் சொன்னால், வட்டை ஏன் எரிக்க வேண்டும் என்று வியப்புடன் கேட்கின்றனர். அவர்களுக்காகவும், அக்காலத்தை மறந்துவிட்ட நமக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கரோக்கே என்பது ஜப்பானியச் சொல். ‘கரா’ என்றால் வெறுமை. ‘ஓக்கே’ என்பது ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்பதன் சுருக்கம். பாடகர் இல்லாத இசை என்று பொருள் கொள்ளலாம். 1971இல் கோபே நகரத்து இசைக்கலைஞர் டைசுக்கே இனோவே, ஒலிநாடாவில் இயங்கும் சில கருவிகளைச் செய்து மதுக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை பெற அவர் முயலவில்லை. அன்று திரையில் வரிகள் ஓடவில்லை; பாடுவோர் கையில் பாட்டுப் புத்தகம்தான் இருந்தது. 1980களில் லேசர் வட்டு வந்த பிறகே படமும் பாடல் வரியும் திரையில் ஒன்றாகத் தோன்றின.

நம் வீட்டுக்கு அதைக் கொண்டு வந்தது விசிடி. 1993இல் வரையறுக்கப்பட்ட அவ்வடிவமே, ஜேவிசியும் பிலிப்ஸும் கரோக்கேக்காக வகுத்த முந்தைய வடிவம் ஒன்றிலிருந்து வளர்ந்ததுதான். ஒரு வட்டில் 74 நிமிடம் படம் ஓடும். படத்தின் தெளிவு சுமார் எனினும் விலை குறைவு. நம் ஊர்ப் புழுக்கத்தில் வீடியோ நாடாக்களில் பூஞ்சை படர்ந்தது நினைவிருக்கும். வட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. வட்டின் இரு ஒலித்தடங்களைத் தயாரிப்பாளர்கள் தந்திரமாகப் பயன்படுத்தினர். ஒரு தடத்தில் பாடகர் குரலும் இசையும் சேர்ந்திருக்கும். மற்றதில் இசை மட்டும். கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் பாடகர் மறைந்து நாம் பாடகராவோம்.

லிட்டில் இந்தியாவின் இசைக்கடைகளில் தமிழ்க் கரோக்கே வட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. என் கைக்கு வந்த பலவற்றில் வரிகள் உரோமன் எழுத்தில்தான் ஓடின. தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் பாட வேண்டுமே என்பது வணிகருக்கு நியாயமான காரணம். தமிழாசிரியருக்கு அதுவே சங்கடம். உரோமன் வரியில் பள்ளியும் பல்லியும் ஒன்று. மனமும் மணமும் ஒன்று. கரையும் கறையும் ஒன்று. நான் பணியில் சேர்ந்த புதிதில், நல்ல குரல்வளம் உடைய மாணவி ஒருத்தி வீட்டில் வட்டைப் பார்த்தே பாட்டைப் பழகி வந்தாள். சுருதி பிசகவில்லை, தாளம் தவறவில்லை. ஆனால் ழகரமும் ளகரமும் அவள் பாட்டில் காணாமல் போயிருந்தன. வகுப்பில் சரியாக உச்சரிக்கும் பிள்ளைதான் அவள். திரையில் கண்டதை நம்பிப் பாடியிருக்கிறாள்! தமிழ் எழுத்தில் வரி ஓடும் வட்டு ஒன்றை நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் அன்றுதான் பிறந்தது.

முதல் தடை இசை. குரலை நீக்கக் கணினியில் ஒரு வழி உண்டு. பாடகர் குரல் இடத்தடத்திலும் வலத்தடத்திலும் சம அளவில் பதிவாகியிருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் குரல் பெருமளவு மறையும். நடுவில் பதிவான தாளக் கருவிகளும் கொஞ்சம் அடிபடும். இந்த வித்தையைக் கற்ற பெருமிதத்தில் 1950களின் பாடல் ஒன்றில் அதைச் செய்து பார்த்தேன். முழு மௌனமே மிஞ்சியது! பழைய பாடல்கள் ஒற்றைத்தடப் பதிவு; இரு தடமும் ஒன்றே என்பதால் கழித்தால் எதுவும் மிஞ்சாது. பிறகு, கீபோர்டு வாசிக்கும் உள்ளூர் நண்பர்கள்தாம் கைகொடுத்தனர். அவர்கள் வாசித்ததை மிடி கோப்பாகச் சேமித்தால், பிள்ளையின் குரலுக்கு ஏற்பச் சுருதியைக் கூட்டலாம், குறைக்கலாம். சினிமாப் பாட்டின் சுருதி பத்து வயதுப் பிள்ளைக்குப் பொருந்துவது அரிது என்பதை நாம் அறிவோம்.

இரண்டாம் தடை எழுத்து. 1991இல் வெளிவந்த முதல் யூனிகோடு பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தாலும், விண்டோஸ் 2000இல்தான் ‘லதா’ எழுத்துரு கூடவே வந்தது. நம்மில் பலரிடம் இருந்ததோ விண்டோஸ் 98. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களைக் கொண்டு தட்டச்சு செய்தோம். அதே கோப்பை அடுத்த வீட்டுக் கணினியில் திறந்தால் புரியாத குறிகள் வரிசையாக நிற்கும். எழுத்துரு அங்கே இல்லை. ஆனால் விசிடியில் இச்சிக்கல் எழவில்லை. வரியைப் படமாக மாற்றிக் காணொளியில் பதித்துவிட்ட பின், பார்ப்பவரிடம் எழுத்துரு தேவையே இல்லை. கணினியே இல்லாத வீட்டிலும், சாதாரணத் தொலைக்காட்சியில், பாட்டி முதல் பேரன் வரை எல்லாரும் தமிழ் எழுத்தைப் படித்துப் பாட முடிந்தது. இணையப் பக்கங்களில் தமிழ் எழுத்துருவோடு மல்லாடிக் கொண்டிருந்த நாளில், வரவேற்பறையில் அது தடையின்றி ஓடியது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். ஒரு பாடம் மட்டும் பட்டுத்தான் தெரிந்தது: பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் படத்தின் ஓரங்களை மறைத்துவிடும். என் முதல் வட்டில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் காணாமல் போனது.

அடுத்தது எரித்தல். வெற்று வட்டில் ஒரு சாயப்படலம் உண்டு. லேசர் கதிரின் வெப்பம் அதில் அழியாத தடங்களைப் பதிக்கும். ‘எரித்தல்’ என்ற பெயர் அதனால்தான் வந்தது. மீண்டும் எழுத முடியாது. பலர் பயன்படுத்திய ஜெர்மானிய மென்பொருளின் பெயர் ‘நீரோ’. ரோம் நகர் எரிந்தபோது இசைத்துக் கொண்டிருந்ததாகக் கதை சொல்லும் அந்த மன்னனை நினைத்து வைத்த பெயர். நடுவில் கணினி ஒரு கணம் தடுமாறித் தரவு நின்றால் வட்டு வீண். எனவே எரிக்கும்போது யாரும் சுட்டியைக்கூடத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். வீணான வட்டுகள் பயற்றங்கொடிப் பந்தலில் பறவை விரட்டும் பணிக்குப் போயின.

சட்டத்தைப் பற்றிப் பேசாமல் இக்கதையைச் சொல்வது நேர்மையன்று. இரவுச் சந்தைகளில் திருட்டு வட்டுகள் குவிந்த காலம் அது. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருந்தது. வட்டு உற்பத்தியைக் கட்டுப்படுத்த 2000இல் தனிச் சட்டமும் வந்தது. பிள்ளைகளுக்காகத்தானே என்று நாமும் சில வேளை கண்ணை மூடிக்கொண்டோம். பின்னர் பாரதியார் பாடல்களின் பக்கம் திரும்பினேன். அவற்றின் வரலாறும் இதனோடு தொடர்புடையதுதான். ஒரு காலத்தில் பாரதியின் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஏவி. மெய்யப்பரிடம் இருந்தது, 1947இல் வந்த அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் அப்பாடல்கள் ஒலித்தன. பாரதி மக்கள் சொத்து என்று கிளர்ச்சி எழுந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமைகளைத் தன்வசப்படுத்தியது. பின்னர் அவை மக்களுக்கே பொதுவாயின. நம் நாட்டுச் சட்டப்படியும் ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு கடந்தால் பாடல் வரி பொதுவுடைமை. பாரதி மறைந்தது 1921. ஆனால் வரி பொதுவானால் மெட்டும் ஒலிப்பதிவும் பொதுவாகிவிடா. ஆகவே நாங்களே எளிய மெட்டமைத்து வாசித்துப் பதிந்தோம். மெட்டு சுமார்தான், பிள்ளைகள் குறை சொல்லவில்லை.

2005இல் யூடியூப் வந்தது. விரலளவு நினைவுச்சில்லு வந்தது. சில ஆண்டுகளில் மடிக்கணினியிலிருந்து வட்டு இயக்கியே மறைந்தது.

சென்ற மாதம் என் பெட்டியில் இருந்த வட்டுகளை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தேன். கடையில் வாங்கிய அச்சு வட்டுகள் பெரும்பாலும் ஓடின. நாமே எரித்தவற்றுள் பல ஓடவில்லை. சாயம் ஒளியாலும் வெப்பத்தாலும் மங்குகிறது. வட்டின் அடிப்பக்கத்தைவிடப் பெயர் எழுதும் மேற்பக்கமே மென்மையானது. ஒட்டுத்தாள் ஒட்டியதும் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதியதும் நாம் செய்த தவறுகள். கடையில் விற்ற பாடலை வேறெங்கும் தேடிப் பெறலாம். நம் பிள்ளைகள் பாடிப் பதிந்த வட்டுக்கு வேறு படி கிடையாது.

உங்கள் வீட்டிலோ பள்ளி அலமாரியிலோ அத்தகைய வட்டு இருந்தால், வெளியே இணைக்கும் வட்டு இயக்கி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வட்டைத் திறந்தால் ‘எம்பெகேவி’ என்ற உறை தெரியும். அதனுள் இருக்கும் கோப்புகளைக் கணினிக்குப் படியெடுத்தால் போதும், விஎல்சி மென்பொருளில் ஓடும். பாதியில் நின்றால் வட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, வேறோர் இயக்கியில் முயலுங்கள். எனக்கு ஒரு வட்டு மூன்றாவது இயக்கியில்தான் திறந்தது. அதில் அந்த மாணவி பாடியிருந்தாள், ழகரம் சரியாக.