நீர்க்கடுப்பு என்று நினைத்தது: கெட்டமைனும் சிறுநீர்ப்பையும்

பதினெட்டு, இருபது வயசுப் பிள்ளை ஒன்று ராத்திரி படுக்கையை நனைக்க ஆரம்பித்தால் வீட்டில் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போவது, போகும்போது எரிச்சல், சில சமயம் ரத்தம். எங்கள் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் இதுக்கெல்லாம் ரெடியா ஒரு பதில் உண்டு: "உடம்பு சூடு, நீர்க்கடுப்பு." அப்புறம் இளநீர், வெந்தயம், மோர். வெக்கையில் ஷிப்ட் பார்த்துவிட்டு தண்ணி குடிக்க மறக்கிற ஆட்கள் நிறைந்த ஊரில் அது பல நேரம் பலிக்கவும் செய்யும். கிருமித் தொற்று, கல், சர்க்கரை என்று வழக்கமான காரணங்களும் இருக்கின்றன. இந்தப் பதிவு அந்தப் பட்டியலில் 2007-இல் புதிதாகச் சேர்ந்த ஒரு காரணத்தைப் பற்றியது. அதன் பெயர் கெட்டமைன்.

கெட்டமைன் கெட்ட மருந்து இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடணும். 1962-இல் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் கம்பெனிக்காக கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் இதை உருவாக்கினார். 1964-இல் எட்வர்ட் டொமினோ முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த முதல் ஆட்கள் மிச்சிகன் சிறைக் கைதிகள் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1970-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது, வியட்நாம் போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்குப் பயன்பட்டது. மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பெரும்பாலும் விழ விடாமல் மயக்கும் என்பதால், பெரிய கருவிகள் இல்லாத சின்ன ஆஸ்பத்திரியிலும் இதை வைத்து ஆபரேஷன் பண்ண முடியும். 1985 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

அப்படியானால் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆபரேஷன் தியேட்டரில் புழங்கிய மருந்து சிறுநீர்ப்பையை அரிக்கும் என்பது எப்படிக் கண்ணில் படாமல் போனது? எங்கள் தொழிலில் இது பழகிய கதை. நூறு பேர் உபயோகிக்கும்போது ஒழுங்காக ஓடும் சாஃப்ட்வேர், லட்சம் பேர் வந்ததும் படுத்துவிடும். பிழை முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்திருக்கும், லோடு ஏறும்போதுதான் தெரியும். மயக்கம் கொடுக்க நரம்பு வழியாக ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 2 மில்லிகிராம் போதும். அறுபது கிலோ ஆளுக்கு 60 முதல் 120 மில்லிகிராம், அதுவும் என்றைக்கோ ஒரு நாள். போதைக்காக எடுப்பவர்களில் முற்றியவர்கள் தினமும் கிராம் கணக்கில் எடுக்கிறார்கள். கல்லீரல் உடைத்த மிச்சமும் மருந்தும் சிறுநீரில் கலந்து பைக்குள் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கும். உள்பக்கத் தோல் உரிந்து, வீங்கி, புண்ணாகி, கடைசியில் தழும்பேறிச் சுருங்குகிறது. சாதாரணமாக 400, 500 மில்லி பிடிக்கும் பை 100 மில்லிகூடப் பிடிக்காமல் போகலாம். அப்புறம் தூக்கத்தில் எப்படி அடக்க முடியும்?

அந்த லோடு முதலில் பெரிய அளவில் ஏறிய ஊர்களில் ஒன்று ஹாங்காங். 2000-களில் அங்கே இளைஞர்களிடம் கெட்டமைன்தான் மலிவான, பரவலான போதைப்பொருள். 2007-இல் ஹாங்காங் மருத்துவர்கள் பத்து பேரைப் பற்றியும், கனடாவின் டொரொண்டோ மருத்துவர்கள் ஒன்பது பேரைப் பற்றியும் தனித்தனியாக எழுதினார்கள். அடுத்த வருஷம் ஹாங்காங்கின் இரண்டு மருத்துவமனைகளில் பார்த்த 59 பேரின் விவரம் வெளிவந்தது. அவர்களில் 30 பேருக்குச் சிறுநீரகமே நீர் தேங்கி வீங்கியிருந்தது. அதாவது சேதம் பையோடு நிற்கவில்லை, மேலே ஏறியிருந்தது.

இதில் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, ஏனென்றால் சிறுநீர் கல்ச்சர் பண்ணினால் பெரும்பாலும் கிருமியே இருக்காது. இன்னொரு கொடுமை, கெட்டமைன் ஒரு வலி நிவாரணி. அது உண்டாக்கிய வலியை அதுவே கொஞ்ச நேரம் மறைக்கும். வலி தாங்காமல் இன்னும் கொஞ்சம், அதனால் இன்னும் வலி.

சரி, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அந்தக் காலத்தில் கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பிடிபட்ட கெட்டமைனுக்கு இந்தியா ஒரு முக்கிய மூலம். இங்கே சட்டப்படி, மலிவாகத் தயாரான மருந்து கள்ளத்தனமாக வெளியே போனது. மலேசியா, சிங்கப்பூர் போகும் பயணிகளின் பெட்டியில் சென்னை விமான நிலையத்திலேயே திரும்பத் திரும்பப் பிடிபட்டது. 2011 பிப்ரவரியில்தான் மத்திய அரசு இதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 10 கிராம் வரை சிறிய அளவு, 500 கிராமுக்கு மேல் வணிக அளவு. 2013 டிசம்பரில் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் சேர்த்தார்கள். அதன்படி மருந்துக்கடை தனி லைசென்ஸ் எடுக்கணும், மருந்துச் சீட்டின் நகலை இரண்டு வருஷம் வைத்திருக்கணும்.

சர்வதேசத் தடைக்கு 2015-இல் சீனா முயன்றபோது உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்றது. தடை வந்தால் ஏழை நாட்டுக் கிராமங்களில் பிரசவ ஆபரேஷனும் விபத்து ஆபரேஷனும் நின்றுபோகும் என்பது கவலை. அது நியாயமான கவலை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மருந்தைத் தடுக்க முடியாத இடத்தில் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் மிச்சமிருக்கும் வழி.

சீக்கிரம் கண்டால் பலன் உண்டு. பெரும்பாலும் பிரிட்டனைச் சேர்ந்த 1,285 கெட்டமைன் பயனர்களிடம் எடுத்து 2012-இல் வெளியான ஆய்வில் 26.6 சதவீதம் பேருக்குச் சிறுநீர்த் தொந்தரவு இருந்தது. நிறுத்தியவர்களில் 51 சதவீதம் பேர் குணம் தெரிந்ததாகச் சொன்னார்கள். முற்றிவிட்டால் குடலின் ஒரு துண்டை எடுத்துப் பையைப் பெரிதாக்கும் ஆபரேஷன் வரை போகும். ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகம் 2011-இல் இளைஞர்களுக்கென்றே சிகிச்சை மையம் திறந்தது. லிவர்பூலின் ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனை 2025-இல் பதின்வயதினருக்குத் தனி கிளினிக் தொடங்கியது. இந்த இரண்டு வருஷங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பாருங்கள், வயசு இறங்கிக்கொண்டே வருகிறது.

சின்னக் குழந்தைகள் படுக்கையை நனைப்பது வேறு விஷயம். ஐந்து வயதில் அது சாதாரணம், பெரும்பாலும் தானாகவே சரியாகும். வருஷக்கணக்கில் நின்றுபோன பழக்கம் பதினேழு வயதுக்கு மேல் திரும்ப வந்தால் சிறுநீரக மருத்துவரிடம் போகணும். போதைப்பொருளாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம், முதலில் சர்க்கரையும் தொற்றும் பார்க்கட்டும். கல்ச்சரில் ஒன்றுமில்லை, ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை என்றால் கெட்டமைன் பற்றிய கேள்வி வரணும். அதை அப்பா, அம்மா எதிரில் கேட்டால் எந்தப் பிள்ளையும் பதில் சொல்லாது. அவர்களை ஐந்து நிமிஷம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, திட்டாமல் கேட்கணும். போதையிலிருந்து மீள உதவி தேவைப்பட்டால் மத்திய அரசின் இலவச எண் 14446 இருக்கிறது.