லயத்து வீடும் வாடகை வீடும்



கேரித்தீவு என்றதும் பலருக்குச் செம்பனையும், மாமேரி மக்களின் மரச்சிற்பங்களும், கடலுணவுக் கடைகளும் நினைவுக்கு வரும். எனக்கோ லயத்து வீடுகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் வேலன்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்டத்துரை இத்தீவில் ரப்பர் பயிரிட்டார். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்க்கு வேலையோடு வீடும் கிடைத்தது. முன்பணம் இல்லை, வீட்டுக்காரரின் கேள்விகளும் இல்லை. ஆயின் அவ்வீடு வேலைக்குரியதேயன்றி ஆளுக்குரியதன்று. வேலை போனால் கூரையும் போயிற்று. தொழிலாளர் வீடமைப்பு வசதிகள் குறித்து 1966-இலும் 1990-இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் குடிநீருக்கும் ஆயாக்கொட்டகைக்கும் வரையறை கூறின. வீட்டை வேலையினின்று பிரிக்கவில்லை.

இன்று இதே நிலையில் இருப்போர் வேறொரு கூட்டத்தார். அவர்கள் சிறார் இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள். நம் சமுதாயம் அப்பிள்ளைகளை மறந்துவிடவில்லை. சுவாமி சத்தியானந்தர் 1949-இல் நிறுவிய சுத்த சமாஜமும், 2023-இல் மறைந்த அன்னை மங்களம் அதற்கு ஆற்றிய நெடுந்தொண்டும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் அறிந்தவையே. எனினும் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி ‘சிறார்’ என்போர் 18 வயதுக்குட்பட்டோர். பதினெட்டாம் பிறந்தநாளோடு சட்டம் அளித்த பாதுகாப்பு முடிந்துவிடுகிறது.

அதன்பின் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 700 வெள்ளிக்கு ஒரு சிறு வீடு என்று கொள்வோம். வழக்கப்படி இரண்டு மாத வைப்புத்தொகை 1,400. தண்ணீர், மின்சாரத்திற்கு அரைமாதம் 350. முதல் மாத வாடகை 700. ஆக 2,450 வெள்ளி. 2025-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமோ 1,700 வெள்ளி. பெற்றோர் உள்ள பிள்ளைக்கு அப்பா கடன் வாங்கியேனும் கொடுப்பார். இவனுக்கு யார் கொடுப்பார்? “இந்தியர்க்கு வாடகைக்கு இல்லை” என்னும் விளம்பரங்களை நாம் பார்த்தும் இருக்கிறோம்.

வீட்டுக்காரர்க்குச் சலுகை கொடுத்து இணங்கச் செய்யலாமே என்று தோன்றும். நம் நாட்டிலும் அத்தகைய சலுகை ஒன்று அறிவிக்கப்பட்டது. மாதம் 2,000 வெள்ளிக்கு மேற்படாத வாடகை வருமானத்தில் பாதிக்கு வரிவிலக்கு என 2018ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் கூறியது. குடியேறுபவர் யார் என்று அது கேட்கவில்லை. ஆதலால் நிலையான சம்பளமும் குடும்பமும் உடையவரைத் தேர்ந்தெடுத்த வீட்டுக்காரரும் அதே விலக்கைப் பெற முடிந்தது. இல்லத்துப் பிள்ளைக்கு அதனால் கதவு திறக்கக் காரணமில்லாதிருந்தது.

அமெரிக்காவில் 1999-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, வளர்ப்புப் பராமரிப்பை விட்டு வெளியேறிய இளையோர்க்கு 21 வயது வரை தங்குமிடச் செலவுக்கு நிதி ஒதுக்க இடமளித்தது. 2019-இல் அவர்களுக்கெனத் தனி வாடகைச் சீட்டுகளும் வந்தன. ஆயினும் என்னைக் கவர்ந்தது வாஷிங்டன் மாநிலத்தில் 2018-இல் தொடங்கிய திட்டமே. வாடகை உதவி பெறுபவர்க்கு வீடு கொடுத்து, அதனால் சேதம் நேர்ந்தால் வீட்டுக்காரர்க்கு 5,000 டாலர் வரை ஈடு கிடைக்கும். அதை வகுத்தோர் வீட்டுக்காரரின் ஆசையைவிட அச்சத்தை நன்கு அறிந்திருந்தனர் போலும்!

சில ஆண்டுகளுக்கு முன் என் முன்னாள் மாணவன் ஒருவன், இல்லத்தில் வளர்ந்தவன், கிள்ளானில் வீடு தேடி அலைந்தான். மூன்று வீட்டுக்காரர்கள் மறுத்தனர். நான்காமவர் கேட்டது ஒரே கேள்வி: “இவன் வாடகை கொடுக்காவிட்டால் நான் யாரிடம் போவது?” ஒப்பந்தத்தில் பிணையாளராக நான் கையொப்பமிட்டேன். வைப்புத்தொகையை ஆறு மாதத் தவணையில் பெற்றுக்கொள்ள அவரே முன்வந்தார்.