உடன்படிக்கையும் திறையும்: வன்னி வரலாற்றின் ஒளியில் ஒரு விவிலியக் கருத்து

விவிலியத்தின் இரு பெரும் பகுதிகள் தமிழில் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என வழங்கப்படுகின்றன. இப்பெயர்களின் அடியில் நிற்பது 'பெரித்' என்னும் எபிரேயச் சொல்லாகும். நோவா, ஆபிரகாம், மோசே, தாவீது ஆகியோரின் வரலாறுகளில் இறைவனுக்கும் மக்களுக்குமிடையே ஏற்பட்ட பிணைப்பைக் குறிக்க அச்சொல் வரும்போது, தமிழ் மொழிபெயர்ப்புகள் அதனை 'உடன்படிக்கை' என்கின்றன. இன்று சமயச் சொல்லாக மட்டும் கருதப்படும் இது, பண்டைய உலகில் அரசியற் சொல்லாகவும் வழங்கியது. பேரரசனுக்கும் அவனுக்கு அடங்கிய சிற்றரசனுக்குமிடையேயான உறவை அது சுட்டிற்று. அத்தகைய உறவை நெடுங்காலம் அனுபவித்த நிலம் வன்னி. ஆதலின், வன்னியின் வரலாற்றோடு இணைத்து நோக்குமிடத்து உடன்படிக்கையின் தனித்தன்மை தெளிவாகப் புலப்படும்.

துருக்கியின் பொகாஸ்கோய் என்னுமிடத்தில் 1906இல் தொடங்கிய அகழாய்வுகள் இத்தைத்தியப் பேரரசின் களிமண் ஏடுகளை வெளிக்கொணர்ந்தன. அவற்றுள் கி.மு. 14ஆம், 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஒப்பந்தங்கள் பல இருந்தன. பேரரசன் தன் பெயரைக் கூறி, தான் செய்த நன்மைகளை எடுத்துரைத்து, சிற்றரசனின் கடமைகளை விதித்து, தெய்வங்களைச் சான்றாக அழைத்து, ஆசிகளையும் சாபங்களையும் கூறி முடிப்பது அவற்றின் அமைப்பாகும். சீனாய் மலை உடன்படிக்கையும் இவ்வமைப்பை ஒத்திருப்பதை ஜோர்ஜ் மெண்டன்ஹால் என்னும் அமெரிக்க அறிஞர் 1954இல் எடுத்துக்காட்டினார். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்ட செயலை முதலிற் கூறி, அதன் பின்னரே கட்டளைகள் தொடங்குகின்றன. இவ்வொப்புமையின் அளவு பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், இஸ்ரவேலர் தம் காலத்து அரசியல் வழக்கொன்றைக் கொண்டே தம் இறையுறவை விளக்கினர் என்பது பொதுவாக ஏற்கப்படுவதாகும்.

பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, மேல்பற்று முதலிய வன்னிப் பற்றுக்களின் தலைவர்களும் மேலாண்மையுடைய அரசுகளுக்குத் திறை செலுத்தியவர்களே. யாழ்ப்பாண அரசர்க்கும், 1619இல் அவ்வரசை வீழ்த்திய போர்த்துக்கேயர்க்கும், 1658இல் அவர்களை அகற்றிய ஒல்லாந்தர்க்கும் வன்னியர் அடங்கியும் அடங்காமலும் வாழ்ந்தனர். ஒல்லாந்தர் வேண்டிய திறை யானைகளாகும். அத்திறை நிலுவையில் நிற்பது பற்றிய முறைப்பாடு அவர்தம் அதிகாரிகளின் குறிப்புகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றது. 1782இல் ஒல்லாந்தர் படைகொண்டு வன்னியை அடக்கினர். 1803இல் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியன், அவ்வாண்டிலேயே கற்சிலைமடுவில் தோல்வியுற்றான். திறையுறவின் இயல்பு இவற்றாற் புலனாகும். அடங்கியவன் கொடுப்பான், மேலோன் பெறுவான். கொடுப்பது நின்றால் படை வரும்.

விவிலிய உடன்படிக்கை இவ்வடிவத்தையே எடுத்துக்கொண்டு அதன் உள்ளடக்கத்தை மாற்றியமைத்தது. பிளக்கப்பட்ட விலங்கின் துண்டங்களிடையே நடப்பது அக்காலத்துச் சத்தியச் சடங்குகளுள் ஒன்று. வாக்கை மீறினால் அவ்விலங்குக்கு நேர்ந்தது தனக்கும் நேரட்டும் என்பது அதன் பொருள். ஆதியாகமத்தின் 15ஆம் அதிகாரத்தில் அத்துண்டங்களிடையே ஆபிரகாம் நடக்கவில்லை. இறைவனின் அடையாளமாகிய நெருப்பே கடந்து செல்கின்றது. மேலோன் தன்னைத்தானே பிணைத்துக்கொள்ளும் புதுமை இது. மேலும், சீனாய்ச் சட்டங்கள் இறைவழிபாட்டோடு அமைந்துவிடுவனவல்ல. ஏழையிடம் அடகாகப் பெற்ற போர்வையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்தல், விதவையையும் அநாதையையும் அந்நியனையும் ஒடுக்காதிருத்தல் என்பனவும் அவற்றுள் அடங்கும். நிலம் இறைவனுடையது, மக்கள் அதிற் குடியிருப்போர் மட்டுமே என்பது லேவியராகமத்தின் கூற்று. யானைத் திறை மேலோனிடம் போய்ச் சேர்ந்தது. உடன்படிக்கைக் கடனின் பெரும்பகுதியோ அயலானிடம் போய்ச் சேர்கின்றது.

வன்னி மக்கள் நன்கறிந்த நேர்த்தியினின்றும் இது வேறுபட்டதாகும். முறிகண்டிப் பிள்ளையார் முன் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைப்பவரும், வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைப்பவரும் தெய்வத்தின் துணையை நாடுகின்றனர். அது ஆழ்ந்த நம்பிக்கையின் வெளிப்பாடாகும். ஆயினும், நேர்த்தியில் முதலிற் பேசுபவன் மனிதன். உடன்படிக்கையில் முதலிற் பேசுபவன் இறைவன்.

இனி, உடன்படிக்கை மீறப்பட்டால் நிகழ்வது யாது? எரேமியாவின் 34ஆம் அதிகாரம் இதற்குத் துலக்கமான சான்று தருகின்றது. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டபோது, சிதேக்கியா அரசனும் பிரபுக்களும் எபிரேய அடிமைகளை விடுவிப்பதாகக் கன்றுக்குட்டியின் துண்டங்களிடையே நடந்து உறுதிசெய்தனர். படை சற்றுப் பின்வாங்கியதும் விடுவித்தோரை மீண்டும் அடிமைகளாக்கினர். எரேமியா கடிந்துரைத்த மீறுதல் இதுவே. கி.மு. 586 அளவில் எருசலேம் அழிந்தது.

இக்கருத்தைத் தவறாகக் கையாளும் போக்கும் உண்டு. துன்புற்ற மக்கள் பாவஞ் செய்தமையாலேயே துன்புற்றனர் எனச் சிலர் உடன்படிக்கையின் சாபங்களைக் காட்டி வாதிடுவர். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற போரில் உயிரிழந்தோரையும், செட்டிகுளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைபட்ட ஏறத்தாழ 3 இலட்சம் மக்களையும் அவ்வாறு நோக்குவது கொடுமையாகும். அது விவிலியத்துக்கும் பொருந்தாது. யோபுவின் நூல் அவ்வாதத்தை நேரடியாகவே மறுக்கின்றது. எரேமியாவும் விடுதலை இழந்த அடிமைகளைக் குற்றஞ்சாட்டவில்லை. அவர்களை மீண்டும் பிணித்தோரையே குற்றஞ்சாட்டினார்.

அழிவோடு உடன்படிக்கை முடிந்துவிடவுமில்லை. ஆலயம் நகரைக் காக்கும் மந்திரமன்று என முன்னரே எச்சரித்த எரேமியா, நாடுகடத்தப்பட்டோர்க்கு மடல் எழுதி, சென்ற இடத்தில் வீடு கட்டித் தோட்டம் இடுமாறு கூறினார். மக்களின் உள்ளத்தில் எழுதப்படும் புதிய உடன்படிக்கை ஒன்றையும் அறிவித்தார். வன்னியின் மேற்கிலுள்ள மடுத் திருத்தலத்தின் வரலாறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஒல்லாந்தரின் சமய ஒடுக்குமுறைக்குத் தப்பிய கத்தோலிக்கக் குடும்பங்கள் 1670இல் மாந்தையிலிருந்து அன்னையின் திருச்சொரூபத்தைச் சுமந்து காட்டுக்குள் வந்தமை அதன் தொடக்கமென மரபு கூறும். அகதிகளால் உருவான அத்தலம் 1990களில் இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கானோர்க்குப் புகலிடமாயிற்று. 1999 நவம்பரில் அங்கு புகலடைந்திருந்தோர் பலர் எறிகணை வீச்சில் இறந்தனர். 2008 ஏப்ரலில் சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அவ்வாண்டு ஓகஸ்டில் மீண்டது. புனித இடம் எறிகணையைத் தடுக்கவில்லை. ஆயினும், இடமிழந்தவர்க்கு இடங்கொடுக்கும் கடனை அது நிறைவேற்றியது.

உடன்படிக்கையின் பொருள் இங்குதான் தங்கியுள்ளது எனலாம். அது வெற்றிக்கு அளிக்கப்பட்ட உறுதியுமன்று, தோல்வியைக் கொண்டு குற்றத்தை அளக்கும் கோலுமன்று. தாம் விடுவிக்கப்பட்டதை நினைவிற்கொள்ளும் மக்கள், தம்மிலும் எளியோரை விடுவிக்கும் கடமை பூண்டவர் என்பதே அதன் சாரம். காணியின்றி, கடனில் ஆழ்ந்து, காணாமலாக்கப்பட்டோரைத் தேடி நிற்கும் குடும்பங்கள் வாழும் நிலத்தில், அக்கடமை பண்டைய வரலாற்றுச் செய்தியாக மட்டும் நின்றுவிட முடியாது.