"மாமா, ஏன் எல்லாமே பாதி வார்த்தையா இருக்கு?"

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என் தங்கை மகன் புது வேலைக்காக லினக்ஸ் படிக்கிறான். மவுஸுக்கு வேலையில்லை, கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையாக அடிக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவன் சலித்துக்கொண்டான். "மாமா, ஏன் எல்லாமே பாதி வார்த்தையா இருக்கு? காப்பிக்கு சிபி, மூவுக்கு எம்வி, ரிமூவுக்கு ஆர்எம். சரியா அடிச்சா ஒரு பதிலும் சொல்ல மாட்டேங்குது. உம்முனு இருக்கு."

வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்!

லினக்ஸ் பிறந்தது 1991-ல். ஆனால் அது பேசும் பேச்சு அதைவிட 22 வருடம் மூத்தது. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம், மல்டிக்ஸ் என்ற பெரிய கணினித் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. அதில் வேலை பார்த்த கென் தாம்சனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. யாரும் அதிகம் சீண்டாத பிடிபி-7 என்ற சின்னக் கணினி ஒன்று கிடைத்தது. அந்தக் கோடையில் அவர் மனைவி குழந்தையோடு கலிபோர்னியாவுக்கு ஊருக்குப் போக, அந்த ஒரு மாதத்தில் வாரத்துக்கு ஒரு பகுதி என்று ஓர் இயங்குதளத்தின் அடிப்படையையே எழுதி முடித்தார். டென்னிஸ் ரிட்ச்சியும் சேர்ந்துகொள்ள, யுனிக்ஸ் உருவானது.

அவர்கள் கட்டளை அடித்தது இன்றைய மாதிரித் திரையில் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். இருந்தது டெலிடைப். நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகத்து மெஷினோடு காகிதச் சுருளைச் சேர்த்தது போல ஒன்று. நீங்கள் அடிப்பதும் காகிதத்தில், கணினி சொல்லும் பதிலும் காகிதத்தில். வேகம் வினாடிக்கு 10 எழுத்து. விசைகளை அழுத்தி அழுத்தி விரல் ஓய்ந்துபோகும். அப்படிப்பட்ட இடத்தில் யார் முழு வார்த்தை அடிப்பார்கள்? "கோப்பை அழித்துவிட்டேன்" என்று 25 எழுத்தில் மரியாதையாகப் பதில் சொன்னால் இரண்டரை வினாடியும் காகிதமும் வீண். அதனால், தப்பு நடந்தால் மட்டும் வாயைத் திற, சரியாக முடிந்தால் பேசாதே என்று பழக்கிவிட்டார்கள். டெலிடைப் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் லினக்ஸில் டிடிஒய் என்று அடித்துப் பாருங்கள், பதில் வரும். அது டெலிடைப்பின் சுருக்கம்தான்!

சிக்கனம் சில இடங்களில் எல்லை மீறியும் போனது. கோப்பு உண்டாக்கும் ஓர் அழைப்புக்கு 'கிரியேட்' என்ற ஆங்கிலச் சொல்லையே கடைசி எழுத்து இல்லாமல் வைத்தார்கள். யுனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த விட்டுப்போன எழுத்தைச் சேர்ப்பேன் என்றாராம் தாம்சன். நம் தமிழய்யாவாக இருந்தால் அன்றைக்கே அரை மதிப்பெண் குறைத்திருப்பார்.

மருமகனுக்கு இன்னொன்றும் சொன்னேன். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவர் என்ன செய்யலாம், அவர் குழு என்ன செய்யலாம், மற்றவர்கள் என்ன செய்யலாம் என்று படிக்க, எழுத, இயக்கத் தனித்தனி அனுமதி. இந்தக் கட்டுப்பாடு எதுவும் பொருந்தாத ஒரே ஆள் 'ரூட்'. பட்டத்து ராஜா மாதிரி. நிர்வாகம் கற்றுக்கொள்வது என்றால் பாதி, எப்போது ரூட்டாக இருக்கக் கூடாது என்று கற்றுக்கொள்வதுதான்.

அதை நான் கற்றது ஒரு பிள்ளையின் செலவில்.

பள்ளியில் கணினி அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் என்னிடம் ஒப்படைத்திருந்த வருடங்கள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். லினக்ஸ் போட்ட மெஷின்கள். தட்டுத்தடுமாறிக் கட்டளைகள் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் அனுமதி மறுக்கிறதே என்று அலுத்துப்போய், எப்போதுமே ரூட்டாக உள்ளே போகும் கெட்ட பழக்கம் வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் 'டெம்ப்' என்று தொடங்கும் குப்பைகளை அழிக்க நினைத்தேன். ஆர்எம், அப்புறம் டெம்ப், அதை ஒட்டி நட்சத்திரக் குறி. டெம்ப் என்று தொடங்கும் எல்லாம் என்று அர்த்தம். நான் டெம்ப்புக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் ஒரு ஸ்பேஸ் விட்டுவிட்டேன். அதற்கு அர்த்தம், டெம்ப்பையும் அழி, இங்கே இருக்கிற எல்லாவற்றையும் அழி.

மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. டெலிடைப் காலத்துப் பழக்கம்.

போனதில் ஒரு மாணவியின் கோப்பும் இருந்தது. ஊர் ஏரி உடைந்த வருடத்தைப் பற்றித் தன் பாட்டியிடமும் தெருவிலிருந்த மற்றப் பெரியவர்களிடமும் கேட்டுக் கேட்டு, இரண்டு மாதமாக மதிய இடைவேளையில் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். நான் கொடுத்த வேலைதான் அது. வேறு பிரதி எடுத்து வைக்கச் சொல்லித்தரவும் இல்லை நான். மறுநாள் வந்து கேட்டபோது, "மெஷின் ரிப்பேர்மா, எல்லாம் போயிடுச்சு" என்றேன். "பரவாயில்ல சார்" என்று நோட்டைத் திறந்து நினைவிலிருந்து எழுதத் தொடங்கினாள். பாதிகூடத் தேறவில்லை.

லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் இப்படி நடந்திருக்கிறது. ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது, மோடத்துக்குப் போக வேண்டிய கட்டளையைத் தவறுதலாக ஹார்டு டிஸ்க்குக்கே அனுப்பிவிட்டார். அதுவரை பயன்படுத்திக்கொண்டிருந்த மினிக்ஸ் பாழாகிவிட்டது. அதை மறுபடி நிறுவ வேண்டாம், இனி என்னுடைய லினக்ஸிலேயே இருந்துவிடுகிறேன் என்று முடிவு செய்தார். தன் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். அவர் அழித்தது அவருடைய டிஸ்க்கை. நான் அழித்தது இன்னொருத்தியின் உழைப்பை.

இதைக் கேட்டதும் மருமகன், "அந்த அக்காகிட்ட அப்புறமாச்சும் சொன்னீங்களா மாமா?" என்றான். இல்லை. அதற்குத்தான் இந்தப் பதிவு. அம்மா, நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று தெரியும். பேர் போடவில்லை. மெஷின் ரிப்பேர் ஆகவில்லை. அந்த ஸ்பேஸ் நான் விட்டது. அந்த நோட்டு உன்னிடம் இன்னும் இருந்தால் சொல், நானே உட்கார்ந்து தட்டச்சு செய்து தருகிறேன். இந்த முறை இரண்டு பிரதி எடுத்து வைப்பேன்.