தலையணிகள், பண்டைய எபிரேயர்

பண்டைய எபிரேயரின் தலையணிகள் வெயிலுக்குக் காப்பாக மட்டுமின்றி, அணிந்தவரின் பதவியையும் மகிழ்ச்சியையும் துக்கத்தையும் ஊரறியக் காட்டும் அடையாளங்களாகவும் இருந்தன. எபிரேய வேதாகமம், யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, அசீரியப் புடைப்புச் சிற்பங்கள் ஆகியவை இவற்றை அறிய உதவும் முதன்மைச் சான்றுகள்.

பொதுமக்கள்: சாதாரண ஆண்கள் எப்போதும் தலையை மூடியிருக்க வேண்டும் என்ற கட்டளை வேதாகமத்தில் இல்லை, அவ்வழக்கம் பிற்காலத்தது. கி.மு. 701இல் யூதாவின் லாகீஸ் நகரைக் கைப்பற்றிய அசீரிய மன்னன் சனகெரிப், அவ்வெற்றியை நினிவே அரண்மனைச் சுவர்களில் செதுக்கச் செய்தான். இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அச்சிற்பங்களில், யூதா ஆண்கள் சிலர் தலையில் துணி சுற்றி, குஞ்சம் வைத்த அதன் முனையைக் காதோரம் தொங்கவிட்டிருக்கிறார்கள். பெண்களும் சிறுமிகளும் தலையிலிருந்து கணுக்கால்வரை நீளும் முக்காடு அணிந்திருக்கிறார்கள். மற்றோர் அசீரிய மன்னனான சல்மனாசாரின் கறுப்புத் தூபியிலோ, கப்பம் கொண்டுவரும் இஸ்ரவேலர் நுனி பின்சாய்ந்த கூம்புக் குல்லாயுடன் காணப்படுகின்றனர்.

ஆசாரியர்: சாதாரண ஆசாரியர் மெல்லிய லினன் குல்லாய் அணிந்தனர். பிரதான ஆசாரியருக்கு உரியது பாகை. அதன் முன்புறத்தில், 'கர்த்தருக்குப் பரிசுத்தம்' என்ற பொருள்படும் எழுத்துகள் பொறித்த பசும்பொன் பட்டம் நீல நாடாவால் கட்டப்பட்டிருந்தது. மக்கள் படைக்கும் காணிக்கைகளில் நேரும் குற்றத்தைப் பிரதான ஆசாரியனான ஆரோன் சுமப்பதற்காகவே அப்பட்டம் எப்போதும் அவன் நெற்றியில் இருக்க வேண்டும் என யாத்திராகமம் விதிக்கிறது.

அரசர்: இஸ்ரவேலின் முதல் அரசன் சவுல் போர்க்களத்திலும் முடி தரித்திருந்தான், அவன் இறந்தபின் அம்முடி, பின்னர் அரசனான தாவீதிடம் கொண்டுவரப்பட்டது. அம்மோனியரின் ராப்பா நகரை வென்றபோது தாவீதுக்குக் கிடைத்த அவர்களது பொன்முடி ஒரு தாலந்து எடை, அதாவது 30 கிலோவுக்கு மேல் இருந்ததாக வேதாகமம் கூறுகிறது.

பெண்கள்: எருசலேம் பெண்களின் ஆடம்பரத்தைக் கண்டிக்கும் ஏசாயா தீர்க்கதரிசி, நெற்றிச் சுட்டி, தலைப்பாகை, முக்காடு ஆகியவற்றையும் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறார். எருசலேம் நகரின் வடிவில் செய்த 'பொன் நகரம்' என்னும் தலையணி பிற்காலத்தில் பெரிதும் விரும்பப்பட்டது. யூத அறிஞர் ரபி அகிபா அதைத் தம் மனைவிக்குச் செய்து தந்ததாக யூத நூலான தல்மூது கூறுகிறது.

திருமணமும் துக்கமும்: மணமகன் தலையணி சூடுவான். துக்கத்திலோ பாகையைக் களைந்து தலையில் புழுதியோ சாம்பலோ இடுவார்கள். தலையை மூடிக்கொள்வதும் துக்க அடையாளமே: கலகம் செய்த தன் மகன் அப்சலோமுக்குத் தப்பி ஒலிவ மலையேறிய தாவீது, முக்காடிட்டு அழுதுகொண்டே நடந்தான். மனைவி இறந்தும் பாகையைக் களையக் கூடாது என எசேக்கியேல் தீர்க்கதரிசிக்கு இடப்பட்ட கட்டளை மக்களைத் திகைக்க வைத்ததற்கு, துக்கத்தில் பாகையைக் களையும் வழக்கமே காரணம். தனிமனிதர் துக்கத்தில் செய்ததை ஒரு சமூகமே செய்த காலமும் உண்டு: ரோமத் தளபதி வெஸ்பாசியனின் படையெடுப்பின்போது மணமகன் சூடும் முடியையும், பின்னர் வந்த போரில் மணமகள் சூடும் முடியையும் யூத அறிஞர்கள் விலக்கினர் என்று மிஷ்னா பதிவு செய்கிறது.