சகலையைக் காண வந்த கடலோடி

சங்கரன்கோவில் வாசிகளாகிய நமக்குக் கடல் அயலானது. உப்பு மூட்டையிலும் கருவாட்டுக் கூடையிலுமே அது நம் ஊருக்கு வந்து சேரும். எனினும், அண்டை ஊரான புளியங்குடியின் பெயரைக் கேட்குந்தோறும் எனக்கு ஒரு கடற்பயணம் நினைவுக்கு வருகிறது. அதற்கும் புளிக்கும் உள்ள தொடர்பைப் பின்னர்க் கூறுவேன்.

உலகப் பயணி இப்னு பதூதா, ஹிஜ்ரி 745-இல், அதாவது 1344 ஆகஸ்டில், மாலத்தீவை விட்டுப் புறப்பட்டார். அவர் நாடியது மஅபர் என்று அரபிகள் அழைத்த நமது கீழைக் கடற்கரையை. அப்போது மதுரையில் ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை முறை. மதுரை சுல்தானியத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் புதல்வியருள் ஒருவரைப் பயணி டில்லியில் மணந்திருந்தார்; மற்றொருவரைச் சுல்தான் மணந்திருந்தார். மாலத்தீவின் மீது படையெடுக்கச் சகலையின் துணையைப் பெறுவதும் பயணியின் உள்நோக்கமாயிருந்தது. உறவினர் வீட்டுக்கு வெறுங்கையோடு செல்வோர் உண்டு. பெரும் கோரிக்கையோடு செல்வோரும் உண்டு!

மூன்று நாட்களில் முடிய வேண்டிய பயணம் திசை தப்பி, ஒன்பதாம் நாள் இலங்கையில் கொண்டுபோய் விட்டது. பாவா ஆதம் மலையைக் கண்டு திரும்பி, மீண்டும் கப்பலேறினார். கைதேர்ந்த மாலுமி இல்லை, காற்றோ கடுமை. கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் கப்பல் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டிக் கடலில் எறிந்தனர். பலகைகளால் தெப்பம் கட்டினர். தம்முடன் வந்தோரில் சிலரை அதில் முதலில் அனுப்பிவிட்டு, இப்னு பதூதா கப்பலின் பின்பகுதியிலேயே இரவைக் கழித்தார்.

விடிந்ததும் படகில் வந்து அவரைக் கரைசேர்த்தவர்கள் அந்நாட்டு இந்துக் குடிமக்கள். சுல்தானுக்குச் செய்தி போய்ப் பதில் வரும்வரை மீனும் பனம்பழமும் தந்து உபசரித்தனர். அப்பழச் சாற்றிலிருந்து செய்யப்படும் இனிப்பையும் அவர் மறவாமல் குறித்துள்ளார். மூன்று நாட்களுக்குப் பின் பல்லக்கும் குதிரைகளும் வந்தன.

பாளையத்தில் சகலை மரியாதையுடன் வரவேற்றார். ஆனால் அங்குக் கண்டவை பயணியைக் கலங்க வைத்தன. பிடிபட்ட இந்துக்களைக் கழுவேற்றினர். பெண்டிர் பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் உணவருந்திக் கொண்டிருக்கையில் ஒரு மனிதரும் அவர் மனைவியும் ஏழு வயதுச் சிறுவனும் கொண்டுவரப்பட்டு வெட்டுண்டனர். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக் கொண்டார். வேறெந்த அரசனிடமும் தாம் காணாத இழிசெயல் இது என்றும், இதனாலேயே இறைவன் அவன் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் பின்னாளில் எழுதிவைத்தார். தம் சகலையைப் பற்றி, அதுவும் அவர் விருந்துண்டவர், இப்படி எழுதியதே நமக்குக் கிடைத்த சாட்சியம். உறவுக்காக அவர் மறைத்திருந்தால் நாம் அறிந்திருக்க வழியில்லை. அந்தப் பந்தியிலிருந்து அப்போதே அவர் எழுந்திருக்கலாகாதா என்ற கேள்வி மட்டும் என்னை விட்டகலவில்லை.

விரைவில் மதுரையில் கொள்ளைநோய் பரவியது. சுல்தானின் மகனும் தாயும், பின்னர் சுல்தானும் மாண்டனர். இப்னு பதூதாவையும் கடுங்காய்ச்சல் பற்றியது. பிழைப்போம் என்ற நம்பிக்கையே அவருக்கு அற்றுப்போயிற்று. அவ்வேளையில் அங்கு மலிந்து கிடந்த புளியில் ஓர் இறாத்தல் அளவு எடுத்துக் கரைத்துக் குடித்தார். மூன்று நாட்கள் வயிறு கழிந்து, காய்ச்சல் இறங்கியது.

புதிய சுல்தான் நாசிருத்தீன் தங்கும்படி வேண்டினார். பயணி இணங்கவில்லை. பட்டணத்துத் துறைமுகத்தில் ஏமன் செல்லும் கப்பலொன்றில் ஏறி, கொல்லம் வந்து இறங்கினார்.